அகோஸ்டினோ பாசி

இக்கட்டுரை இத்தாலிய ஆய்வாளர் ஒருவரைப் பற்றியது. நீர்நிலைகளில் வளரும் பாசிக்கும் இவர் பெயருக்கும் தொடர்பு இல்லை.

அகோஸ்டினோ பாசி (செப்டம்பர் 25, 1773 – பெப்ரவரி 8, 1856) வட இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியைச் சேர்ந்த வேளாண் ஆய்வாளர் ஆவார். சட்டம் பயின்றவர். பட்டுப்புழுக்களை அழித்துவந்த சுண்ணாம்புக்கட்டி நோய்க்குக் காரணம் கெட்ட காற்றோ பருவநிலையோ அன்று, உயிருள்ள ஒரு பூஞ்சையே என்று 1835 இல் வெளியிட்ட நூலில் இவர் நிறுவினார். ஒரு விலங்கின் தொற்றுநோய்க்கு ஒரு நுண்ணுயிர் காரணமாகிறது என்பதற்குச் செய்முறை வழியே தரப்பட்ட முதற் சான்றாக இவ்வாய்வு கருதப்படுகிறது. லூயி பாஸ்ச்சர், ராபர்ட் கோக் ஆகியோர் கிருமிக் கொள்கையை நிலைநாட்டுவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே இது நடந்தது.

அந்தப் பூஞ்சைக்கு இவருடைய பெயரே இடப்பட்டது. பவேரியா பாசியானா எனப்படும் அது, பயிர்களைத் தின்னும் வண்டுகள் உள்ளிட்ட பல பூச்சிகளுக்கு எதிரான நுண்ணுயிர்ப் பூச்சிக்கொல்லியாக இன்று உலகெங்கும் பயன்படுகிறது. தமிழ்நாட்டு உரக்கடைகளில் இதன் பொட்டலங்களில் பிவேரியா பேசியானா என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். அதில் பின்பாதி ஒரு மனிதரின் பெயர் என்பதை வாங்குவோரில் பலர் அறியார்.

இளமையும் கல்வியும்

பாசி, லோடி நகருக்கு அருகிலுள்ள மைராகோ என்னும் சிற்றூரில் நிலவுடைமைக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். தந்தையின் விருப்பப்படி பாவியா பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்று 1798 இல் பட்டம் பெற்றார். அக்காலத்தில் பாவியா ஐரோப்பாவின் சிறந்த அறிவியற் கூடங்களுள் ஒன்றாக விளங்கியது. மின்கலத்தைக் கண்டுபிடித்த அலெசாண்ட்ரோ வோல்ட்டா, உயிரிகள் தாமாகத் தோன்றுகின்றன என்ற கருத்தைச் சோதனைகளால் மறுத்த லாசரோ ஸ்பல்லன்சானி, உடற்கூற்றியலாளர் அந்தோனியோ ஸ்கார்ப்பா ஆகியோரின் விரிவுரைகளைச் சட்ட மாணவரான பாசியும் கேட்டார். பிற்காலத்தில் அவருக்கு உதவியது சட்டக் கல்வியைவிட இந்த விரிவுரைகளே எனலாம்.

படிப்பை முடித்தபின் லோடியில் அரசு நிருவாகப் பணியில் அமர்ந்தார். கண்பார்வை குன்றியதால் அப்பணியில் நிலைக்க முடியாமல் குடும்ப நிலத்துக்குத் திரும்பினார். மெரினோ ஆடுகளை வளர்த்தார். அதில் பொருள் இழந்தபோதும் ஆடு வளர்ப்பைப் பற்றி 1812 இல் நூல் ஒன்றை வெளியிட்டார். உருளைக்கிழங்குச் சாகுபடி, பாலாடைக்கட்டி, திராட்சை மது ஆகியவை குறித்தும் எழுதினார்.

சுண்ணாம்புக்கட்டி நோய்

லொம்பார்டியின் ஊரகப் பொருளாதாரத்தில் பட்டு முதன்மையான இடம் வகித்தது. வசந்தகாலத்தில் மல்பெரி தழைக்கும்போது உழவர் வீடுகளிலேயே புழுக்கள் வளர்க்கப்பட்டன. சில வாரங்களே நீடிக்கும் அந்தப் பருவத்தில் நோய் புகுந்தால் ஆண்டின் ரொக்க வருமானம் முழுவதும் போய்விடும்.

நோயுற்ற புழு உண்பதை நிறுத்தி, சோர்ந்து இறக்கும். இறந்த உடல் அழுகாமல் விறைத்துக் கெட்டியாகும். அடுத்த சில நாட்களில் அதன் மேல் மாவு தூவியது போன்ற வெண்பூச்சு படரும். இத்தாலியர் இதற்குச் சுண்ணத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து கால்சினோ என்று பெயர் வைத்தனர். சர்க்கரை பூசிய ஒருவகை மிட்டாயை நினைவூட்டியதால் பிரான்சு நாட்டினர் மஸ்கார்டின் என்றனர். தமிழ்நாட்டுப் பட்டு விவசாயிகள் இதைச் சுண்ணாம்புக்கட்டி நோய் என்கின்றனர். ஒன்றையொன்று அறியாத இரு மொழிகள் ஒரே உவமையைக் கண்டடைந்தது சுவையான செய்தி.

ஈரமான ஆண்டுகளில் நோய் மிகுந்தது; உலர்ந்த ஆண்டுகளில் குறைந்தது. ஒரு வீட்டில் வந்தது அடுத்த வீட்டில் வராமலும் போயிற்று. ஆகவே மழை, புழுக்கம், அறையின் கெட்ட காற்று, வாடிய இலை என ஒவ்வொன்றும் காரணமாகச் சொல்லப்பட்டது. இக்கருத்துகளை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. ஈரத்துக்கும் நோய்க்கும் தொடர்பு உண்டு என்ற அளவில் அவர்களின் கவனிப்பு சரியானதே.

ஆய்வு

பாசி 1807 இன் இறுதியில் இந்நோயை ஆராயத் தொடங்கினார். புழுவின் உடலில் சூழ்நிலையின் தூண்டுதலால் நோய் தானாகவே தோன்றுகிறது என்றுதான் அவரும் முதலில் நம்பினார். எனவே நோயைச் செயற்கையாக உண்டாக்க முயன்றார். உணவை மாற்றினார், வெப்பத்தையும் ஈரத்தையும் கூட்டிக் குறைத்தார், பலவகை வேதிப்பொருள்களுக்குப் புழுக்களை உட்படுத்தினார். புழுக்கள் பல விதங்களில் இறந்தன. எனினும் சுண்ணாம்புக்கட்டி நோய் மட்டும் வரவில்லை. 8 ஆண்டுகளுக்கு மேல் இவ்வாறு கழிந்தபின், 1816 அளவில் மனம் தளர்ந்து ஆய்வைக் கைவிடும் நிலைக்கு வந்தார்.

திருப்பம் ஒரு தோல்வியிலிருந்தே கிடைத்தது. வெப்பத்தில் உலர்த்திய புழுக்கள் நோயுற்றவற்றைப் போலவே கெட்டியாகிக் காட்சியளித்தன. ஆனால் அவற்றிலிருந்து வேறு எந்தப் புழுவுக்கும் நோய் பரவவில்லை. உண்மையாகவே நோயால் இறந்து வெண்பூச்சுப் படர்ந்த புழுவிலிருந்தோ நோய் தவறாமல் பரவியது. தோற்றம் ஒன்றாக இருந்தும் தொற்று இல்லையெனில், தொற்றுவது அந்த வெண்பொடியாகத்தான் இருக்க வேண்டும் என்ற முடிவுக்குப் பாசி வந்தார்.

இதன்பின் கேள்வி மாறியது. நோய் எந்தச் சூழ்நிலையில் பிறக்கிறது என்பதை விட்டுவிட்டு, எங்கிருந்து வருகிறது என்று தேடலானார். வெண்பொடியைச் சிறிதளவு ஊசி முனையால் நலமான புழுவின் தோலுக்குள் செலுத்தினார், நோய் வந்தது. இலையில் தடவிக் கொடுத்தார், அப்போதும் வந்தது. வேறு இனக் கம்பளிப்புழுக்களுக்குத் தொற்றச் செய்து, அவற்றிலிருந்து மீண்டும் பட்டுப்புழுவுக்குக் கொண்டுவந்தார். நோயுற்றும் இன்னும் வெண்பூச்சுப் படராத புழு பிறவற்றுக்கு நோயைத் தருவதில்லை என்பதையும் கண்டார். பணியாட்களின் கைகள், உடைகள், வளர்ப்புத் தட்டுகள், ஈக்கள் ஆகியவற்றின் வழியே பொடி ஒரு வீட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கிறது என்று விளக்கினார். பக்கத்து வீடு ஏன் தப்பியது என்ற பழைய புதிருக்கு இதுவே விடையாயிற்று.

ஈரத்தின் பங்கையும் அவர் பிரித்துக் காட்டினார். இறந்த புழுவை ஈரமான இடத்தில் வைத்தால் வெண்பூச்சு நன்கு படர்கிறது. உலர்ந்த இடத்தில் அது தோன்றாமலேயே உடல் காய்ந்துபோகலாம். ஆகவே ஈரம் நோயைப் படைப்பதில்லை. நோயின் விதை முளைத்துப் பெருக இடம் கொடுக்கிறது. விதை இல்லாத வீட்டில் எவ்வளவு மழை பெய்தாலும் இந்நோய் வராது. காரணத்தையும் அதற்குத் துணைசெய்யும் சூழ்நிலையையும் இவ்வாறு வேறுபடுத்தியதே பாசியின் ஆய்வில் தலையாயது எனலாம்.

1834 இல் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர் குழு ஒன்றின் முன் தம் சோதனைகளைச் செய்து காட்டி ஒப்புதல் பெற்றார். நூலின் கோட்பாட்டுப் பகுதி 1835 இலும் செயல்முறைப் பகுதி 1836 இலும் வெளிவந்தன. தட்டுகளையும் கருவிகளையும் காரநீரால் கழுவுதல், கொதிநீரில் இடுதல், சாராயம் அல்லது சலவைச் சுண்ணம் கொண்டு தூய்மை செய்தல், இறந்த புழுக்களை உடனே அகற்றுதல் ஆகியவை அவர் சொன்ன வழிகள். நுண்ணுயிர் நீக்கம் என்ற சொல்லே வழக்கில் இல்லாத காலத்தில் இவை பரிந்துரைக்கப்பட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

பிரான்சில் விக்டர் ஓடுவான் இம்முடிவுகளைச் சோதித்து உறுதிப்படுத்தினார். செருமானிய மருத்துவர் யொகான் சோன்லைன், பாசியின் நூலால் தூண்டப்பட்டு, மனிதரின் தலைத்தோலில் வரும் படைநோய் ஒன்றில் பூஞ்சை இருப்பதை 1839 இல் அறிவித்தார். தொற்றுநோய்களுக்கு உயிருள்ள காரணிகள் உண்டு என யாக்கோப் ஹென்லே 1840 இல் எழுதியபோது பாசியின் ஆய்வு அவருக்குச் சான்றாக இருந்தது. அந்த ஹென்லேயின் மாணவரே கோக்.

இறுதிக்காலம்

பார்வை மேலும் மங்கியதால் பாசி நுண்ணோக்கிப் பணியைத் தொடர இயலவில்லை. ஆயினும் எழுதுவதை நிறுத்தவில்லை. பெரியம்மை, கொள்ளைநோய், வாந்திபேதி முதலிய மனித நோய்களுக்கும் உயிருள்ள ஒட்டுண்ணிகளே காரணமாக இருக்க வேண்டும் என்று 1840களில் வாதிட்டார். இவற்றுக்கு அவரிடம் செய்முறைச் சான்று இல்லாததால் அன்றைய மருத்துவ உலகம் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. 1856 இல் லோடியில் காலமானார். பட்டுப்புழுவின் வேறு நோய்களைப் பாஸ்ச்சர் பிரான்சில் ஆராயத் தொடங்கியது 1865 இல்தான். பாசியின் படைப்புகளின் தொகுப்பு 1925 இல் வெளியிடப்பட்டது.

பூஞ்சையின் பெயர்

பாசி கண்ட வெண்பொடி ஒரு பூஞ்சையின் வித்துகள் என வகைப்படுத்தியவர் மிலான் நகரத் தாவரவியலாளர் யூசேப்பே பல்சாமோ கிரிவெல்லி. 1835 இல் அதற்குப் போட்ரிட்டிஸ் பாசியானா எனப் பெயரிட்டார். 1912 இல் பால் வுயிய்மென் அதனைத் தனிப் பேரினமாகப் பிரித்து, பிரெஞ்சு ஆய்வாளர் ஜான் பவேரியின் நினைவாகப் பவேரியா என்ற பெயரை அளித்தார்.

நோயிலிருந்து பூச்சிக்கொல்லிக்கு

பட்டுப்புழுவைக் கொல்லும் ஒன்று பயிரை அழிக்கும் பூச்சியையும் கொல்லுமே என்ற எண்ணம் இயல்பாக எழுந்தது. வண்டுகளிடம் இதை முதன்முதலில் முறையாகச் சோதித்தவர் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற இலியா மெச்னிக்கோவ். ஒடெசா வட்டாரத்தில் கோதுமைக் கதிர்களைத் தின்ற வண்டின் புழுக்களில் பச்சைநிறப் பொடி படரும் நோயை அவர் கண்டு, அதற்குக் காரணமான பூஞ்சையை 1879 இல் விவரித்தார். மெட்டாரைசியம் எனப்படும் இது பாசியின் பூஞ்சைக்கு உறவு முறையானது. 1884 இல் ஐசக் கிராசில்சிக், கீவ் அருகிலுள்ள ஸ்மேலாவில் அதன் வித்துகளைப் பெருமளவில் உற்பத்தி செய்து, சர்க்கரை பீட் பயிரைத் தாக்கிய கூன்வண்டுகளின் மேல் பயன்படுத்தினார்.

பாசியானாவுக்கு நேர்ந்த பெரிய சோதனை அமெரிக்காவில் நடந்தது. 1888 முதல் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் பிரான்சிஸ் ஸ்நோ, தானியப் பயிர்களின் சாற்றை உறிஞ்சும் சிஞ்ச் பூச்சிக்கு எதிராக இந்தப் பூஞ்சையை வளர்த்து உழவர்களுக்கு இலவசமாக அனுப்பிவைத்தார். சிஞ்ச் வண்டினம் அன்று என்றாலும் இங்கு கிடைத்த பாடம் வண்டுகளுக்கும் பொருந்தும். சில ஆண்டுகளில் பூச்சிகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. உழவர்கள் பாராட்டிக் கடிதம் எழுதினர். வேறு சில ஆண்டுகளில் பயன் எதுவும் தெரியவில்லை. 1911 இல் பில்லிங்ஸ், கிளென் ஆகியோர் அமெரிக்க வேளாண் துறைக்காக வெளியிட்ட அறிக்கை இதற்கு விளக்கம் தந்தது. பூஞ்சை ஏற்கெனவே எல்லா வயல்களிலும் இயற்கையாக இருந்தது. ஈரமான பருவத்தில் அதுவே பெருகியது. வறண்ட பருவத்தில் வெளியிலிருந்து எவ்வளவு கொண்டுவந்து போட்டாலும் பெருகவில்லை. பாசி புழு வளர்ப்பு அறைக்குள் கண்ட உண்மை, அறிக்கையில் ஒரு மாநிலத்தின் அளவுக்கு விரிந்து நின்றது. இதன்பின் இம்முறை பல ஆண்டுகள் மதிப்பிழந்து கிடந்தது. 20 ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில்தான், உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டுக்கு எதிராகச் சோவியத் ஒன்றியம் போவெரின் என்ற பெயரில் உருவாக்கிய பொருள் போன்றவற்றால், பாசியானா மீண்டும் வயலுக்கு வந்தது.

வானிலையின் பங்கு

வேதிப் பூச்சிக்கொல்லி தெளித்தவுடன் செயற்படும் நஞ்சு. பாசியானாவோ உயிருள்ள வித்து. அது வண்டின் மேல் ஒட்டி, முளைத்து, நொதிகளால் கடினமான மேல்தோலைத் துளைத்து உள்ளே நுழைந்து, உடலில் பெருகிக் கொல்ல வேண்டும். வண்டு அதைத் தின்ன வேண்டியதில்லை. மேலே பட்டாலே போதும். ஆனால் இறப்புக்குச் சில நாட்கள் முதல் இரு வாரம் வரை ஆகும். அத்தனை நாட்களும் வானிலை ஒத்துழைக்க வேண்டும்.

வித்து முளைக்கவும், இறந்த பூச்சியின் மேல் மீண்டும் வித்து தோன்றவும் 90 விழுக்காட்டுக்கு மேற்பட்ட ஈரப்பதம் தேவைப்படுகிறது. வானிலை நிலையம் காட்டும் ஈரப்பதம் மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. இலையை ஒட்டியும் பூச்சியின் உடல் மடிப்புகளிலும் உள்ள மெல்லிய காற்றுப்படலம் சுற்றுப்புறத்தைவிட ஈரமாக இருக்கும். இரவுப் பனியும் துணைசெய்யும். இதனால் பகலில் வறட்சியாக உள்ள இடத்திலும் சில சமயம் பூஞ்சை வெற்றி பெறுவதுண்டு.

வெப்பநிலையில் 25 முதல் 28 பாகை செல்சியசு வரை இதற்கு உகந்தது. 15 பாகைக்குக் கீழே வளர்ச்சி மந்தமாகி, பூச்சி நெடுநாள் உயிரோடிருந்து பயிரைத் தின்னும். 35 பாகைக்கு மேல் பெரும்பாலான வகைகளின் வளர்ச்சி நின்றுவிடும். நோயுற்ற வெட்டுக்கிளிகள் வெயிலில் காய்ந்து உடல் வெப்பத்தை உயர்த்திப் பூஞ்சையை ஒடுக்குவதும் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது.

எல்லாவற்றிலும் கொடியது நேரடி வெயில். அதிலுள்ள புற ஊதாக் கதிர்கள் பட்டால் சில மணி நேரத்துக்குள் வித்துகளில் பெரும்பகுதி முளைக்கும் திறனை இழக்கும். எனவேதான் மாலையில், இலையின் அடிப்புறத்தில் படும்படி தெளிக்கச் சொல்லப்படுகிறது. மழையின் செயல் இருவகைப்பட்டது. தெளித்தவுடன் பெய்யும் கனமழை வித்துகளைக் கழுவிவிடும். அதே மழை காற்றை ஈரமாக்கும், வித்துகளில் சிலவற்றை மண்ணுக்குக் கொண்டுசேர்க்கும். மண்ணுக்குள் வெயில் இல்லை, ஈரம் உண்டு. மண்ணிலோ எருவிலோ வாழும் வண்டுப் புழுக்களிடம் பூஞ்சைகள் இலையின் மேல் வாழும் வண்டுகளைவிட நன்கு செயற்படுவதற்கு இது முதன்மையான காரணம். எண்ணெயில் கலந்த தயாரிப்புகள் வறண்ட காற்றிலும் ஓரளவு பலன் தருகின்றன.

பட்டுப்புழு வேறொரு பூச்சிக்கொல்லிக்கும் வழிகாட்டியது. பாசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் பாக்டீரியாவை சப்பானில் இஷிவாட்டா 1901 இல் நோயுற்ற பட்டுப்புழுவில்தான் முதலில் கண்டார். வண்டுகளைக் கொல்லும் அதன் வகை 1983 இல் செருமனியிலிருந்து அறிவிக்கப்பட்டது. இதுவும் வெயிலில் விரைவில் வலுவிழப்பதே.

தமிழ்நாட்டில்

இந்தியாவில் காப்பிப் பழத்தைத் துளைக்கும் சிறு வண்டு 1990 இல் நீலகிரி மாவட்டம் கூடலூரில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2 மில்லிமீட்டருக்கும் குறைவான இவ்வண்டு பழத்தினுள் புகுந்தபின் எந்தத் தெளிப்பும் எளிதில் அதை எட்டாது. காப்பித் தோட்டங்களின் நிழலும் மலைக் குளிர்ச்சியும் பருவமழை ஈரமும் பாசியானாவுக்கு ஏற்றவை என்பதால் அங்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. வாழையின் தண்டுக் கூன்வண்டுக்கும் இதையே பயன்படுத்துகின்றனர். வாழைத்தண்டின் உட்புறம் வெயில் படாத ஈரமான இடம். தென்னையின் காண்டாமிருக வண்டுக்கு அதன் புழுக்கள் வளரும் எருக்குழியில் மெட்டாரைசியத்தைக் கலக்கின்றனர். வெளியே கோடையாக இருந்தாலும் ஈரமான எருக்குழியின் உள்ளே நிலை வேறு.

சமவெளியில் இவ்வளவு எளிதன்று. காஞ்சிபுரம் அருகே பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடும் திருமுக்கூடலை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். (சோழர் கால மருத்துவமனை ஒன்றின் 15 படுக்கைகளையும் மருந்துகளையும் விவரிக்கும் வீரராசேந்திரன் காலக் கல்வெட்டால் இவ்வூர் பெயர்பெற்றது.) மே மாதத்தில் இங்கு பகல் வெப்பம் 38 பாகையைத் தாண்டுவது வழக்கம். அப்போது இலைமேல் தெளித்த வித்துக்கு முளைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெப்பமும் ஈரமும் பொருந்திவரும். ஆனால் அடைமழை கழுவிச் செல்லும். மழை விட்ட மாலைகளே தக்க நேரம். நிலக்கடலை, கரும்பு ஆகியவற்றின் வேரைத் தின்னும் வேர்ப்புழுவுக்கு மண்ணில் இடுவது தெளிப்பைவிடப் பாதுகாப்பானது. கரும்பு வேர்ப்புழுவுக்குப் பாசியானாவின் உடன்பிறப்பான பவேரியா பிராங்னியார்ட்டி என்ற இனமும் ஆராயப்பட்டுள்ளது. பொட்டலத்தில் பொதுவாகக் கிராமுக்கு 10 கோடி உயிருள்ள வித்து அலகுகள் என்று குறிக்கப்பட்டிருக்கும். தகரக் கூரையின் கீழ் கோடை முழுவதும் கிடந்த பொட்டலத்தில் அந்த எண்ணிக்கை நிலைத்திருக்கும் என எதிர்பார்க்க முடியாது.

காஞ்சிபுரத்துத் தறிகளில் ஓடும் பட்டு அவ்வூரில் விளைவதன்று. அதில் பெரும்பகுதி கருநாடகத்திலிருந்து வருகிறது. தமிழ்நாட்டில் கிருஷ்ணகிரி, தருமபுரி முதலிய மாவட்டங்களில் பட்டுப்புழு வளர்க்கப்படுகிறது. அம்மாவட்டங்களில் பாசியானா இன்றும் பகையே. மழையும் பனியும் உள்ள மாதங்களில் சுண்ணாம்புக்கட்டி நோய் தலைகாட்டும். மல்பெரித் தோட்டத்தின் பக்கத்தில் காய்கறிக்கோ வாழைக்கோ பவேரியா தெளித்தால், காற்றில் வரும் வித்து இலை வழியே புழு வளர்ப்பு மனைக்குள் சென்றுவிடலாம். எனவே பட்டு வளர்க்கும் பகுதிகளில் இதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது. வளர்ப்பு மனைகளில் ஈர இலை கொடுப்பதைத் தவிர்க்கின்றனர். காற்றோட்டம் ஏற்படுத்தி, படுக்கையின் மேல் சுண்ணாம்புத் தூளும் கிருமிநாசினித் தூளும் தூவுகின்றனர். இறந்த புழுக்களை, 1836 இல் பாசி எழுதியதைப் போலவே, வெண்மை படருமுன் பொறுக்கி எரிக்கின்றனர்.